மந்தாகினியோடு யார் பேசினார்கள்?

வந்தியத்தேவனையும் குந்தவையையும் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 'பொன்னியின் செல்வ'னில் எனக்குப் பிடித்தவள் மந்தாகினி. எல்லோரும் 'ஊமை ராணி' என்கிறார்களே, அவள்தான். படத்தில் ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் இவளாகவும் வந்தார். ஆனால் 2022-லும் 2023-லும் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நந்தினியைப் பற்றித்தான் பேசினார்கள்!

பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் இல்லை. தீவிலே கரடியிடமிருந்து சுந்தர சோழரைக் காப்பாற்றுகிறாள். காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியை எடுத்துக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறாள். கடைசியில் அரசருக்கு வந்த வேலைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாகிறாள். தியாகி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் அடுத்த பக்கம் போய்விடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஈழத்தில் தன் கதையைச் சித்திரங்களாக வரைந்து அருள்மொழிக்குக் காட்டுகிறாளே, அந்த இடம்தான். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கிறது, பாருங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் பிறவியிலேயே காது கேளாது. வடசேரியில் எங்கள் வீட்டில், 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த தொடரைக் கிழித்து பைண்டு செய்த புத்தகங்கள் இருக்கின்றன. மணியம் வரைந்த படங்களைப் பார்ப்பதற்கென்றே அவள் அவற்றை எடுப்பாள். ஒருநாள் மந்தாகினியின் கதையைக் கையாலேயே சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ராஜாவுக்குக் கையால் பேசத் தெரியுமா?" என்று சைகையில் கேட்டாள்.

என்ன சொல்வது? ராஜா அவள் செத்துப்போனாள் என்றே நினைத்திருந்தார். எதிரே வந்து நின்றபோது ஆவி என்று பயந்தார். அவளோடு சைகையில் சரளமாகப் பேசியவள் அண்ணன் மகள் பூங்குழலி. படகு ஓட்டுகிற பெண். "அப்போ எனக்கு அவளைத்தான் பிடிக்கும்" என்றாள் மகள்.

அறுபத்தெட்டு வயது மாமியார் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே, "பிள்ளை என்ன கேக்கா?" என்றார். சொன்னேன். அந்தக் கதையைப் பத்துத் தடவை படித்தவர். பேத்தியோடு அதுவரை "சாப்பிடு, வா, தூங்கு" அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "எனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லு, மக்கா" என்றார்.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021-ல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன, வீடியோவாகப் பார்க்கலாம். ஆனால் மாமியாருக்கு செல்போன் டீச்சர் சரிப்படவில்லை. பேத்திதான் டீச்சர். விரலைப் பிடித்து வளைத்து, தப்பாகச் செய்தால் கையில் ஒரு தட்டு! சந்தையிலிருந்து வந்ததும் பையில் இருக்கிற காயெல்லாம் பாடம்தான்.

இப்போது ராத்திரியில் ஆச்சியும் பேத்தியும் மந்தாகினி கதையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். நேற்றுதான் கரடி வந்தது. கரடிக்கு ஆச்சி செய்த சைகையைப் பார்த்துப் பிள்ளை பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள்.