இருக்கிறார், இருந்தார்

தமிழில் 'என் தந்தை கொத்தனார்' என்றால் போதும். வினைச்சொல் வேண்டுவதில்லை, ஆகவே காலமும் தெரிவதில்லை. தந்தை உயிரோடு இருக்கிறாரா, மறைந்துவிட்டாரா என்பதை அவ்வாக்கியம் எவருக்கும் அறிவிப்பதில்லை. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. 'இஸ்' அல்லது 'வாஸ்', இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும்.

சேதராப்பட்டில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தொழிற்பேட்டையில் பணிபுரிவோரின் பிள்ளைகளே மிகுதி. ஒருமுறை குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, ஒரு சிறுமி தன் தந்தையைப் பற்றிய வாக்கியங்கள் அனைத்தையும் நிகழ்காலத்திலேயே அமைத்திருந்தாள். அவர் இறந்து ஓராண்டுகூட நிறையவில்லை. விதி அறியாதவள் அல்லள். மறைந்த பாட்டியைப் பற்றிய வரிகளில் இறந்தகாலம் பிழையின்றி வந்திருந்தது. தொழிலைக் குறித்த வாக்கியத்தை மட்டும் 'வாஸ்' என்று திருத்தினேன். செங்கல் அடுக்கிய கை ஓய்ந்தது உண்மைதானே. அவர் தன்னை நேசிக்கிறார் என்றிருந்த அடுத்த வரியைத் தொடவில்லை.

நூலாசிரியர் மறைந்தாலும், அவர் நூலைப் பற்றிப் பேசுகையில் 'ஷேக்ஸ்பியர் கூறுகிறார்' என்று நிகழ்காலத்தில் எழுதுவதே ஆங்கில மரபு. எழுத்து இருக்கும்வரை எழுதியவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. கொத்தனார் கட்டிய சுவருக்கு அச்சலுகை ஏனோ இல்லை! நம் நன்னூலார் தாராளமானவர். இன்னும் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுப்பதையும், விரைவு கருதி, வழுவமைதி என ஏற்றுக்கொள்கிறார்.

உயிர்த்தெழுதல் இல்லை என்று வாதிட்ட சதுசேயருக்கு ஆண்டவர் தந்த மறுமொழியை இங்கே நினைக்கிறேன். எரியும் முட்புதரில் கடவுள் மோசேயிடம், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுள் எனத் தம்மை அறிமுகம் செய்த இடத்தை அவர் எடுத்துக்காட்டினார். விடுதலைப் பயணம் 3:6இன் எபிரேய மூலத்தில், நம் தமிழைப் போலவே, வினைச்சொல் இல்லை. மாற்கு, லூக்கா ஆகியோரின் கிரேக்கத்திலும் அவ்விடத்தில் 'இருக்கிறேன்' என்னும் வினை இல்லை. மத்தேயு 22:32இல்தான் அது வருகிறது, நிகழ்காலத்தில். அம்மூவரும் இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. ஆயினும் அவர்களுக்குக் கடவுளாக 'இருந்தேன்' என்று அவர் சொல்லவில்லை. வாழ்வோரின் கடவுள் என்பதற்கு அதுவே சான்றாகிறது.

இதை அச்சிறுமிக்கும் சொன்னேன். தேர்வில் மட்டும் எல்லா வரிகளிலும் இறந்தகாலத்தையே எழுதச் சொல்லியிருக்கிறேன்; விடைத்தாள் திருத்துபவர் சதுசேயராகவும் இருக்கக்கூடும்!