வத்தல்மலை ஏறுமுன் கால்மிதியைப் பாருங்கள்

வத்தல்மலைக்குக் காரில் வருகிறவர்கள் பிரேக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், கவலை நியாயமானதுதான். ஆனால் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால்?

2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் காரில் அதுதான் நடந்தது. வேறு மாடலுக்கான கால்மிதி பெடலைப் பிடித்துக்கொண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் அனுபவமுள்ள நெடுஞ்சாலைக் காவலர். இன்றும் நினைத்தால் மனம் பதறுகிறது.

அப்படி ஆனால், பிரேக்கை ஒரே அழுத்தாக முழு பலத்தோடு மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். கூடவே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் நியூட்ரல் உண்டு. இன்ஜின் அலறும், அலறட்டும். வண்டி ஓடும்போது சாவியை உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். குனிந்து கால்மிதியை இழுக்காதீர்கள். மலைப்பாதையில் அடுத்த வளைவு அந்த நொடியிலேயே வந்துவிடும். பள்ளத்தின் பக்கம் போகாமல் மலையை ஒட்டி ஒதுக்குங்கள். நின்றதும் கைபிரேக்கைப் போட்டு, பிறகு இன்ஜினை அணையுங்கள்.

பழைய மிதியின் மேலேயே புது மிதியைப் போட்டு ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பதைக் கொக்கியில் மாட்டிவிட்டு மலையேறுங்கள்.