பேரியானிலும் தெரிந்துவிட்டது

ஜூலை 16, 2025, புதன்

நேச்சர் இதழில் இன்று பொருள்-எதிர்ப்பொருள் வேறுபாடு பற்றிய அந்தக் கட்டுரை வந்துவிட்டது. மார்ச்சிலேயே செர்ன் ஆய்வகம் அறிவித்த முடிவுதான். ஆனாலும் முழுசாகப் படிக்கும்போது மனசு நிறைகிறது. 2011 முதல் 2018 வரை திரட்டிய மோதல்களில், புரோட்டான் இனத்தைச் சேர்ந்த லாம்டா-பி என்ற பேரியானும் அதன் எதிர்த்துகளும் சிதைவதை அங்குள்ள எல்.எச்.சி.பி. குழு எண்ணியிருக்கிறது. ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரண்டு பையான்களாகச் சிதையும் வழியில் இரண்டும் சமமாக இல்லை. வேறுபாடு, கூட்டுத்தொகையில் 2.45 விழுக்காடு; பிழை எல்லை அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

1964-ல் கேயான், 2001-ல் பி மீசான், 2019-ல் டி மீசான்: முன்பு இந்த வேறுபாடு தெரிந்ததெல்லாம் மீசான்களில். நம் உடம்பும் இந்தக் கடற்கரை மணலும் பேரியான்களால் ஆனவை. அவற்றில் அதைக் காண இத்தனை காலம் ஆகியிருக்கிறது!

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. அரசலாற்றுப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது.

வகுப்பில் அந்த முடிவைச் சொன்னேன். திருநள்ளாற்றிலிருந்து வரும் மாணவி எழுந்தாள்: "மேடம், ஆதியில பொருளும் எதிர்ப்பொருளும் சமமா இருந்தா ஒண்ணையொண்ணு அழிச்சிருக்குமே. நாம எப்படி மிஞ்சினோம்? இந்த வித்தியாசம் போதுமா?"

போதாது. இப்படியொரு வேறுபாடு வேண்டும் என்று சகாரோவ் 1967-லேயே எழுதினார். ஆனால் துகள் இயற்பியலின் இன்றைய திட்ட மாதிரி தரும் அளவு, பிரபஞ்சத்துக்குத் தேவையானதைவிட மிகமிகக் குறைவு. மீதி எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னும் விடையில்லை. பாடத்திட்டம் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அவள் தானாக வந்துவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வீடு நிறைய உறவினர். படிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இந்த முடிவும் பொய்த்துப்போகுமா என்று அந்த மாணவி கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. பி மீசான் சிதைவில் மியூவானும் எலெக்ட்ரானும் சமமாக வரவில்லை என்று இதே குழு 2021-ல் சொன்னது, புள்ளியியல் வலு 3.1 சிக்மா. ஹாட்ரான் என்ற வகைத் துகள்கள் சில எலெக்ட்ரான்களாக எண்ணப்பட்டிருந்ததை அவர்களே கண்டுபிடித்து, 2022 டிசம்பரில் முரண்பாடு இல்லை என்று அறிவித்தார்கள். அதனால்தான் எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை கூடியது. இப்போதைய முடிவு 5.2 சிக்மா.

இதே துறையில் நடக்கும் ஜப்பானின் பெல்-2 ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. அந்த ஆய்வின் சிலிக்கான் உணர்கருவியில் நான்காம் அடுக்கைச் செய்தது மும்பை டாட்டா ஆய்வு நிறுவனக் குழு. இங்கிருந்து போகமுடியாத இடமில்லை. அவள் ஐ.ஐ.டி. முதுநிலைப் படிப்புக்கான ஜாம் தேர்வு எழுதவேண்டும். நாளை முதல் மாலையில் அவளுக்குக் குவாண்டம் இயங்கியல்.