ஜீப்பு கிளம்புவதற்கு முன்

எங்க சிலமலையில விடியக்காலம் எழ அலாரம் வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு முக்குல நின்னு ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோட பெண்கள் ஓடுவாங்க. போடி போய், போடிமெட்டுப் பாதையில 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளாப் பக்கத் தோட்டத்துல காய் எடுத்துட்டு, பொழுது சாய இறங்கணும். தினமும் இதுதான்.

அதுல போறவங்கள்ல பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் ஒருத்தி. கிறிஸ்தவங்க. வண்டி கிளம்புறதுக்கு முன்னால கண்ணை மூடி 121-ஆம் சங்கீதம் சொல்லுவா. மத்தவங்களும் சாமி வித்தியாசம் பார்க்காம அந்த ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க. மொத்தமே எட்டு வசனம். மலையைப் பார்த்து ஆரம்பிச்சு, ஒத்தாசை அதைப் படைச்சவர்கிட்ட இருந்துதான் வரும்னு போகும். பைபிள்ல அதுக்குத் தலைப்பே ‘ஆரோகண சங்கீதம்’. அதாவது ஏறும்போது பாடுறது. (ஒத்தாசைங்கிற சொல்லை டவுன்ல இப்ப யாரும் பேசிக் கேக்கல. இங்க களையெடுக்க ஆள் கிடைக்கலைன்னா இன்னைக்கும் "ஒரு ஒத்தாசைக்கு வாப்பா"தான்.)

ரெண்டு வருஷம் முன்னால, ஆடிச் சாரல்ல அந்த ஜீப்பு ஒரு வளைவுல சரிஞ்சிருச்சு. இவளுக்குக் கை முறிஞ்சது. பக்கத்துல உக்காந்து கூடவே ஜெபம் பண்ணின அக்கா வீடு திரும்பல.

கட்டுப் பிரிச்சதும் மறுபடி ஜீப்பு ஏறினா. அதே ஜெபம். எனக்குப் பொறுக்கல. ஒருநாள் கேட்டுட்டேன்.

"ஏம்மா, காப்பாத்துவார்னுதானே ரெண்டு பேரும் தினமும் சொன்னீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடிச்சேன். அவ கோபப்படல. தானியேல் புத்தகத்துல மூணு பேரை ராஜா அக்கினிச் சூளையில போடச் சொன்ன கதையைச் சொன்னா. எங்க தேவன் தப்புவிப்பார், தப்புவிக்காம போனாலும் உன் சிலையைக் கும்பிட மாட்டோம்னு சொன்னாங்களாம்.

"அவங்கதான் தப்பிச்சிட்டாங்களே" என்றேன்.

"அது அப்புறம்ணே. உள்ள போறப்ப தெரியாதுல்ல?"

நெருப்புன்னதும் எனக்குக் குரங்கணிதான் ஞாபகம். 2018 மார்ச் 11. மலையேற வந்த வெளியூர்ப் பிள்ளைகள் 20 பேருக்கு மேல காட்டுத்தீயில போயிட்டாங்க. அவங்க வீட்லயும் சாமி கும்பிடாமலா அனுப்பிருப்பாங்கன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசல. "அதுக்கு எனக்குப் பதில் தெரியாதுண்ணே. வண்டி கவுறாதுன்னு அவர் எங்கயும் எழுதித் தரல. கவுந்தாலும் கையை விடமாட்டார்னு இருக்கு. அக்காவையும் விடல. இரட்சிப்புன்னு நாங்க சொல்றது அதைத்தான்."

நானா இருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குச் சாமின்னா பயிர் காப்பீடு மாதிரி. பிரீமியம் கட்டினா மழை பொய்க்கிறப்ப பணம் வரணும். போர்ல தண்ணி வந்தா கிடா வெட்டுறேன்னு குலசாமிக்கு நேர்ந்துக்கிட்டேன். வரல, வெட்டல. கணக்கு முடிஞ்சதுன்னு இருந்தேன். அவ கணக்கே வேற. அது சரியா தப்பான்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா வண்டி கவுந்த பிறகும் ஒருத்திக்கு அது செல்லுபடியாகுதுங்கறதைக் கண்ணால பார்த்தேன்.

போன வாரம் அவ ஜெபத்துல என் பேரும் வந்துச்சாம், போருக்குத் தண்ணி கேட்டு. ஜீப்பு டிரைவர் சொல்லிச் சிரிச்சார். நான் சிரிக்கல. சாயங்காலம் அந்த ஜீப்பு திரும்புற சத்தம் கேக்குற வரைக்கும் இப்பல்லாம் நானும் வரப்பை விட்டு வீட்டுக்குப் போறதில்ல.