ஏழு பேர் வகுப்பின் விழுக்காடு



அரசாங்க இலாகாக்களின் பணித்திறத்தை எவ்வாறு அளப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய ஓர் ஆண்டு என் நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் ஏழே மாணவர்கள். அவ்வகுப்பில் நான் செய்த தவறு ஒன்றையும், அதிலிருந்து கற்றதையும் எழுதுகிறேன்.

பணித்திற மதிப்பீடு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1992-இல் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறை, அரசு ஊழியரின் சம்பள உயர்வை அவருடைய ஆண்டு மதிப்பீட்டோடு இணைத்தது. 2009-இல் அமைச்சர்களுக்கே கே.பி.ஐ. என்னும் அடைவுக் குறியீடுகள் விதிக்கப்பட்டன. அவற்றைக் கண்காணிக்கப் பிரதமர் துறையின்கீழ் பெமாண்டு என்னும் அமைப்பு உருவானது. குற்றத்தடுப்பு, ஊழல் ஒழிப்பு முதலிய ஆறு முதன்மைத் துறைகளுள் கல்வியும் ஒன்று. அதன் தொடர்ச்சியாகப் பள்ளிகள் 1 முதல் 7 வரை தரம் பிரிக்கப்பட்டன. யு.பி.எஸ்.ஆர். தேர்வின் அடைவுநிலை அத்தரத்தை முடிவு செய்வதில் பெரும்பங்கு வகித்தது. சிறந்த அடைவைக் காட்டிய தலைமையாசிரியர்களுக்கு ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது.

அளப்பதே தவறு என்று நான் கூறவில்லை. மலை மடிப்புக்குள் மறைந்திருக்கும் தோட்டப் பள்ளியை யாரும் கணக்கில் எடுக்காமலே விட்டுவிட்டால், அங்கே ஆசிரியர் பற்றாக்குறை இருப்பதும் பிள்ளைகள் பின்தங்கியிருப்பதும் வெளியே தெரியாது. ஆனால், எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

நம் நாட்டில் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகையைச் சார்ந்தவை. ஆறாம் ஆண்டில் 140 பேர் பயிலும் நகரத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி விழுக்காடு ஒரு புள்ளிகூடக் குறையாது. ஏழு பேர் வகுப்பிலோ ஒரு பிள்ளை தவறினால் 14 புள்ளிகள் சரிந்துவிடும். மறு ஆண்டு அதே ஆசிரியர், அதே உழைப்பு; ஆனால் வேறு ஏழு பிள்ளைகள். விழுக்காடு நூறாகவும் உயரலாம், ஐம்பதுக்குக் கீழும் தாழலாம். அதைக் கொண்டு ஆசிரியர் திறமையை எடைபோட்டால், அவ்வாண்டு யார் யார் வகுப்பில் அமைந்தார்கள் என்பதைத்தான் எடைபோடுகிறோம்.

இதை அறிந்திருந்தும் நான் விழுக்காட்டுக்கு அஞ்சினேன். எழுவரில் ஐவர் தேறுவர் என்று தெரிந்தது. அந்த ஐவர்மேல் என் நேரம் முழுவதையும் செலவிட்டேன். மாலை வகுப்பில் மற்ற இருவருக்கும் வெள்ளைத்தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்துப் பின்வரிசையில் அமர்த்தினேன்.

ஒரு நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தருகே அவ்விருவரில் ஒருவனுடைய தாயாரைக் கண்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "சார், பையன் தினமும் படம் வரைஞ்சிக்கிட்டு வர்றான். சோதனையில படமும் வரையச் சொல்வாங்களா?"

அக்கேள்வியில் குறை கூறும் தொனியே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை.

அன்று அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிள்ள வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று எடையை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால், முற்றிய இலையும் காம்பும் கூடைக்குள் வந்துவிடும். அதனால்தான் நிறுப்பதற்கு முன் கூடைக்குள் கைவிட்டுப் பார்க்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. என் வகுப்பின் எடையைத்தான் அலுவலகம் அறிந்தது. கூடைக்குள் யாரும் கைவிட்டுப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1862 முதல், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் பெறும் தேர்ச்சியைப் பெரிதும் பொறுத்துப் பள்ளிகளுக்கு மானியம் அளிக்கப்பட்டது. விளைவு? மேற்பார்வையாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் வாசிப்பு நூலை மனப்பாடம் செய்தனர். கவிஞரும் பள்ளி மேற்பார்வையாளருமான மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாகக் குறைகூறினார். 1890-களில் அம்முறை கைவிடப்பட்டது. இந்தியாவிலோ, 1882-இல் அமைந்த ஹண்டர் ஆணையம் தொடக்கப் பள்ளிகளுக்கு அதே முறையைப் பரிந்துரைத்திருந்தது.

மறுநாள் முதல் அவ்விருவரையும் முன்வரிசைக்கு அழைத்தேன். அவர்கள் தேறவில்லை. எங்கள் விழுக்காடு 71-இல் நின்றது. ஆனால், மலாய்மொழியில் ஒரு வரியைக்கூட வாசிக்கத் திணறிய அப்பையன், தோட்ட அலுவலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தன் தாயாருக்குப் படித்துப் பொருள் கூறும் அளவுக்கு வந்திருந்தான். அதை நிரப்புவதற்கு ஆண்டறிக்கையில் கட்டம் இல்லை.

1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளையின் அடைவையும் 1 முதல் 6 வரை ஆசிரியரே குறிக்கிறோம். கூடைக்குள் கைவிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம்மிடமே வந்துள்ளது. ஆனால், பழைய அச்சமும் கூடவே வருகிறது. '2' என்று குறித்தால் மேலிடத்தில் கேள்வி வருமோ, பெற்றோர் வருந்துவரோ என்றெண்ணி '4' என்று எழுதிவிட்டால், அப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை நாமே தடுத்துவிடுகிறோம்.

ஆதலால், ஆசிரிய நண்பர்களே, உள்ளதை உள்ளபடி எழுதுவோம். அதிகாரிகள் சிறிய பள்ளியைப் பார்க்கும்போது ஓராண்டு விழுக்காட்டோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பிள்ளையும் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துள்ளது என்று கேட்கட்டும். பெற்றோர்களே, "என் பிள்ளைக்கு எத்தனை?" என்று கேட்பதோடு, "சென்ற ஆண்டு செய்ய முடியாத எதை இப்போது செய்கிறான்?" என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூற முடியாத நாளில் நான் எப்படித் தலைகுனிந்து நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.