கறள் பிடிக்காத கத்தி

ஊருக்குப் போற எங்கட சனத்தின்ர சூட்கேசுக்குள்ள சொக்லேட், சம்பூவோட இப்ப கத்தியும் போகுது. மோர்டனில எனக்குத் தெரிஞ்ச கனபேர் கேக்கிறது ஒரே கேள்வி: "நீர் ரெஸ்ரோரண்டில நிக்கிறீர், எந்தக் கத்தி நல்லது?"

குசினிக்கு எண்டால் மறுமொழி சுகம். மயிலிட்டியில வள்ளத்தில போற என்ர மச்சானுக்கு எண்டால் வேற மறுமொழி. 1990இல இடம்பெயர்ந்த சனம் அது. 2017 யூலையில துறைமுகம் விடுபட்டாப் பிறகுதான் அவன் சொந்தக் கரையில இருந்து கடலுக்குப் போறான். அவனுக்குக் கத்தி மீன் வெட்ட மட்டுமில்லை. வலைக்கயிறு காலில சுத்தி இழுத்தால் அந்தக் கணத்தில அறுக்கவும் வேணும். அந்த நேரம் கத்தி கறளில இறுகிக் கிடந்தால் ஆள் கடலுக்குள்ள.

யாழ் பல்கலைக்கழகத்தில நான் முடிக்காமல் விட்ட இரசாயனவியல் இங்க கொஞ்சம் உதவுது. 'கறையில் உருக்கு' எண்டு படிச்சமே, அதை ஷெபீல்டில ஹரி பிரியர்லி எண்டவர் 1913இல வார்த்தெடுத்தார். உருக்கில கிட்டத்தட்ட 10.5% குரோமியம் இருந்தால் மேல கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒண்டு வரும். கீறுப்பட்டாலும் காற்றில திரும்ப வளரும். ஆனால் கடல் உப்பில இருக்கிற குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்க துளைச்சுப்போடும். சின்னச் சின்னக் குழியாக் கறள் தொடங்கிறது அதாலதான்.

இன்னொரு சிக்கல். கத்தி கூராய் நிக்கக் காபன் வேணும். அந்தக் காபன் குரோமியத்தில ஒரு பங்கைத் தன்னோட கட்டிப்போடும். அதனால நல்லாக் கூர் நிக்கிற கத்தி பலதும் கறளுக்குக் கெதியில விழும். எங்கட குசினியில இருக்கிற ஜேர்மன் கத்தியில காபன் 0.5%, குரோமியம் 15% அளவு. குழாய்த் தண்ணியில கழுவித் துடைச்சு வைக்கிற இடத்தில அது வருசக்கணக்கா உழைக்கும். நாள் முழுக்க உப்புத்தண்ணி ஊறின பெட்டிக்குள்ள அதுக்குக் கஷ்டம். ஜப்பான் காபன் கத்தி இன்னும் மோசம்.

கடலுக்கெண்டே செய்த உருக்கும் இருக்கு. எச்-1 எண்டதில காபன் 0.15%தான், நிக்கலும் நைதரசனும் சேர்த்தது. கடல்தண்ணியில கறள் பிடிக்கிறது அருமை. ஸ்பைடர்கோ கொம்பனி 'சோல்ட்' எண்ட வரிசையில இப்பிடியான கத்திகளை விக்குது. விலை பெரும்பாலும் நூறு பவுணுக்குக் கிட்ட, அதுக்கு மேலயும். தைற்றேனியமும் கறள் பிடிக்காது, ஆனால் கூர் நிக்காது.

அவ்வளவு காசு இல்லாட்டி என்ர தெரிவு இது: மடக்காத கத்தி, வாள்ப்பல் வைச்ச அலகு, பிளாஸ்ரிக் பிடி, தண்ணி வடியிற ஓட்டையோட பிளாஸ்ரிக் உறை. மடக்குக்கத்தியின்ர மூட்டுக்குள்ள உப்பு இறுகும். தோல் உறை உப்பீரத்தைப் பிடிச்சு வைக்கும். வாள்ப்பல் கூர் மங்கினாலும் கயிறு அறுக்கும். மலிவெண்டால் ரெண்டு வாங்குங்கோ. ஒண்டு மீனுக்கு, மற்றது ஒற்றைக் கையால எடுக்கக்கூடிய இடத்தில, கயிறுக்கு மட்டும்.

கரைக்கு வந்தவுடன நல்ல தண்ணியில கழுவ வேணும். கரையோரக் கிணறு கனக்க உவர், அதால ஒரு போத்தல் நல்ல தண்ணி வைச்சிருக்கச் சொல்லுங்கோ. துடைச்சுப்போட்டுத் தேங்காயெண்ணெய் பூசினால் போதும்.

வாங்கிறவைக்கு ஒண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்க தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில கத்தி கொண்டு திரியக்கூடாது. பூட்டாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்குத்தான் விலக்கு. கடைப் பெட்டியைப் பிரிக்காமல் நேரே வீட்டை கொண்டு போங்கோ. விமானத்தில கைப்பைக்குள்ள வைக்காமல் பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ.

மினுங்கிற விலைகூடின கத்தியை ஊரில வாங்கி அலுமாரிக்குள்ள பூட்டி வைப்பினம். பாவிக்கப் பயம். வாங்க முதல் எடுத்துக் கேளுங்கோ: குசினிக்கோ, வள்ளத்துக்கோ?