டனல்காரர் பிள்ளை

நீலகிரியில் குந்தா அணைகளைக் கட்டியபோது எதிர்ப்பு என்று ஒன்று கிளம்பவே இல்லை. கிளம்பியிருந்தாலும் எங்கள் காதுக்கு எட்டியிருக்காது. 1956-இல் வேலை தொடங்கியது. காமராஜர் முதலமைச்சர். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. சேலம் ஜில்லாவில் மழை பொய்த்த காட்டை விட்டுவிட்டு அப்பா லாரி ஏறினார். பின்னாலேயே அம்மாவும் நாங்களும் வந்தோம். எமரால்டுக்கு மேலே தகரக் கொட்டகை வரிசையில் ஒன்று எங்களுக்கு.

குளிர்தான் முதலில் ஞாபகம் வருகிறது. விடிகாலையில் புல்வெளி முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டி வைத்த மாதிரி. அந்த வெளுப்பில் டனலில் நைட் ஷிப்ட் முடிந்து அப்பா நடந்து வருவார். இமையிலும் புருவத்திலும் கல்தூசி அப்பியிருக்கும். சிவந்த கண் இரண்டு மட்டும் தெரியும். தோட்டா வெடித்த புகையின் நெடி, தலையை வலிக்கச் செய்கிற ஒரு தித்திப்பு, துவைத்தாலும் சட்டையை விடாது. அம்மா வெந்நீர் ஊற்ற ஊற்ற, மண்தரையில் வெள்ளையாக ஓடும். உள்ளே போன தூசியைத்தான் எந்த வெந்நீராலும் கழுவ முடியவில்லை. ஐம்பது வயதுக்குள் பத்தடி நடந்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. வேலை வாங்கிய கான்ட்ராக்டரின் ஏட்டில் அவர் பெயர் இருந்ததா என்பதே சந்தேகம்.

வெடி வைக்கும் முன் சங்கு ஊதினால் ஓட வேண்டும். அம்மா தம்பியை இடுப்பில் இடுக்கி என் கையைப் பிடித்து இழுக்க, அடுப்பில் சோறு கொதிக்க, கொதிக்கட்டும் ஓடு என்று யாரோ கத்த, பாறைக்குப் பின்னால் போய் விழுவதற்குள் மலை அதிரும். கூரைத் தகரத்தில் கல் விழும் சத்தம் படபடவென்று கேட்கும். அப்புறம் எழுந்து போய்ச் சோற்றை வடிப்போம்.

கொட்டகைக்கு ஒரு தோடர் பாட்டி மோரும் வெண்ணெயும் கொண்டுவருவார். தோளில் சுருள் சுருளாகப் புரளும் முடியில் வெண்ணெய் மணக்கும். போர்த்தியிருக்கும் புத்துக்குளியின் சிவப்புக் கறுப்புப் பூவேலையைத் தொட்டுப் பார்க்க விடுவார். காசு வேண்டாம், அரிசி போதும். அணையில் தண்ணீர் ஏறத் தொடங்கிய மழைக்காலத்தில், அவருடைய எருமைகள் பழகிய தடத்திலேயே இறங்கிப் போய், வயிறு நனைந்ததும் அப்படியே நின்றுவிட்டன. தடம் அதற்கப்புறம் தண்ணீருக்கடியில் இருந்தது. பாட்டி கரையில் நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நாளில் பாட்டியின் வரவு நின்றது. எங்கள் வரிசையில் அணை என்றால் சோறு. அதற்குமேல் பேச்சு கிடையாது.

1960-இல் முதல் மின்நிலையங்கள் ஓடத் தொடங்கின. இன்று மேல்பவானித் தண்ணீர் மலையைக் குடைந்து அவலாஞ்சிக்கு இறங்கி, குந்தா, கெத்தை, பரளி என்று விழுந்து விழுந்து பில்லூருக்குப் போகிறது. மொத்தம் 585 மெகாவாட். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் புகழாமல் இருக்க மாட்டார்கள். பில்லூர்த் தண்ணீரையும்தான் குடிக்கிறார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

மேல்பவானிக்கு மறுபக்கம், மலை கேரளத்துக்குச் சரிகிற இடத்தில் இருக்கிறது அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கே குந்திப்புழையில் அணை கட்ட 1973-இல் ஒப்புதல் கிடைத்தது. சிங்கவால் குரங்குக்காக விஞ்ஞானிகள் எழுதினார்கள். சுகதகுமாரி கவிதை பாடினார். சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டு, அடுத்த வருஷமே காடு தேசியப் பூங்காவானது. பேப்பரில் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்தக் குரங்குக்குக் கிடைத்த வக்கீல்களில் ஒருவராவது எங்கள் பாட்டியின் எருமைகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போனது, போன் போனது, ரோடு போனது, மேலே மண் சரிகிறது என்றார்கள், சரிந்த பிறகுதான் சத்தம் வந்தது, போர்வையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். மேலே சிக்கியவர்களை மீட்க ஹெலிகாப்டர் வந்தது.

இப்போது காட்டுக்குப்பையில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்துக்காக மறுபடியும் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். சில்லஹள்ளாவில் 1000 மெகாவாட்டுக்குப் புது அணைகள் என்றதும் பாலகொலா பக்கத்துப் படகர் ஊர்கள் எதிர்த்து நின்றன. கேரட், உருளைக்கிழங்கு விளைகிற மண்; விடமாட்டோம் என்றார்கள். அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன், காய்கறி வண்டி ஓட்டுபவன், என்னிடம் கேட்டான்: “உங்கப்பா கட்டின டேம் பக்கத்துல குடியிருந்துட்டு நீங்களும் வேணாங்கறீங்களேம்மா?”

“கட்டினவர் பிள்ளைங்கறதாலதான் சொல்றேன் தம்பி. அது வருதோ இல்லையோ, நீ ஒரு காரியம் பண்ணு. உன் வீட்டுச் சுவரை நாலு பக்கமும் இப்பவே போட்டோ எடுத்து, தேதி போட்டு வை. வெடி வெச்ச பிறகு, இந்த விரிசல் முன்னாடியே இருந்ததுன்னு சொல்லுவாங்க.”